நவம்பர் சான்று

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில்
ஒன்றரை ஆள் அகலம் என் நோட்டரி அறை.
ஒவ்வொரு நவம்பரும் மழையோடு வருவார்
கென்னத் வார்ட்லோ.
குடையை உதறி, மடக்கி,
வாசலில் ஒரு நிமிடம் நின்று
பிறகுதான் நுழைவார்.
விளக்கு எரியட்டும் என்று காத்திருந்த பழக்கமாம்.

இங்கிலாந்திலிருந்து வரும் ஒரு தாள்.
'மேற்படி நபரை உயிருடன் நேரில் கண்டேன்.'
அதன் கீழே என் கையெழுத்து, முத்திரை.
குத்தினால் இன்னொரு வருடம் பென்ஷன்.

முதல் தடவையே கேட்டேன், என்ன தொழில் என்று.
செத்துப்போவது, என்றார்.

டெலிவிஷனில் மட்டும் முப்பத்தொன்று.
விஷம், கத்தி, மாடிப்படி,
ஒருமுறை தேனீ.
போலீஸ் தொடரில் முதல் பத்து நிமிடம் அவருடையது;
மீதி நாற்பதும்
அவரைப் பற்றி மற்றவர்கள் பேசுவது.
மூச்சை அடக்கிவிடலாம் வக்கீல்,
இமைதான் துரோகி.

மேடையில் ஒரு ராஜாவுக்கு மாற்று ஆள்.
இருநூற்றுப் பன்னிரண்டு இரவு
வசனம் முழுவதையும் வாயில் அடக்கிக்கொண்டு
திரைக்குப் பின்னால் மர நாற்காலியில்.
ராஜாவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.
"நல்ல மனுஷன்," என்பார். "பாவி."

பிறந்தது நெல்லிக்குப்பம்.
அப்பா சர்க்கரை ஆலையில் பாய்லர் எஞ்சினியர்.
ஒன்பது வயதில் கப்பல்.
கூடவே போன தமிழ் ஒரே ஒரு வாக்கியம்,
எடைமேடைக்காரர் நாளெல்லாம் கத்தியது.

எழுபத்தொன்றில் ஏதோ ஒரு தொடரில்
முகத்தில் பழுப்புச் சாயம் பூசி
தலையில் துண்டைச் சுற்றிச்
சாமியாராக்கினார்கள்.
துரையைச் சபிக்கும் காட்சி.
இந்திய பாஷையில் எதையாவது பேசு, என்றாராம் இயக்குநர்.
கையை உயர்த்திக் கண்ணை உருட்டி
"வண்டிய ஓரங்கட்டுடா, மாடு மிரளுது"
என்றிருக்கிறார்.
ரத்தத்தை உறையவைக்கும் மந்திரம் என்று
பத்திரிகையில் வந்ததாம்.

சொல்லிச் சிரித்தவர்
சட்டென்று கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார்.
"சாயம் போக மூன்று நாள் ஆனது.
மூன்று நாளும் பஸ்ஸில்
என் பக்கத்து இருக்கை காலி."

போன நவம்பர், தாள் வந்தது.
அவர் வரவில்லை.
கொண்டுவந்தவள் கீழ்வீட்டு ஜைனம்பு.
"எழுந்திருக்க மாட்டேங்கறாரு. கஞ்சி குடிக்கிறாரு."
சட்டப்படி ஆள் என் கண்ணெதிரே இருக்க வேண்டும்.
முத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
புதுப்பாளையம் போனேன்.

மாடி அறை. ஜன்னலில்
கெடிலத்தின் புதுத் தண்ணீர் வாடை.
கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தார்,
விரல்களைக் கோத்து,
முகவாயை வெளிச்சத்துக்குத் திருப்பி.
கேமரா எங்கே என்று தெரிந்த உடம்பு.
கூப்பிட்டேன்.
மார்பு அசையவில்லை.
முப்பத்தொன்றில் இது எது?
குனிந்து இமையையே பார்த்துக்கொண்டு
எவ்வளவு நேரம் நின்றேனோ,
எதிர்வீட்டில் மிக்சி ஓடி நின்றது.

இடது இமையில் ஒரு துடிப்பு.

"மோசம்," என்றார் கண்ணைத் திறக்காமல்,
"முன்பெல்லாம் இரண்டு நிமிடம் தாங்கும்."

முத்திரை பாதிதான் விழுந்தது;
மறுபடியும் குத்தினேன்.

மறுநாள் விடிவதற்குள் ஜைனம்பு போன் செய்தாள்.
நான் நம்பவில்லை.
போய், அதே இடத்தில் குனிந்தேன்.
இரண்டு நிமிடம். மூன்று.
போதும் சார், என்றாள் அவள்.

தை பிறந்து ஒரு வாரம்,
என் முகவரிக்கு அவர் பெயரில் கடிதம்.
'அன்புள்ள திரு வார்ட்லோ,
தாங்கள் உயிருடன் இருப்பதை ஏற்றுக்கொள்கிறோம்.
அடுத்த நவம்பர் வரை
தாங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.'

இறப்புச் சான்றை இணைத்துப் பதில் போட வேண்டும்.
ஜெராக்ஸ் எடுத்தாகிவிட்டது.
கவரை இன்னும் ஒட்டவில்லை.